மூன்று மீட்டரில் இல்லாதவள்

நாற்காலி மூன்று மீட்டரில் இருந்தது. அதில் உட்கார்ந்திருந்தவள் இல்லை.

கேமராவின் கோளாறு என்றுதான் அவன் முதலில் எடுத்துக்கொண்டான். தன்மேல் தவறு இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. அப்பன் காலத்துத் துணிக்கடையில் பிறந்து வளர்ந்தவன். விலை போகாத சரக்கையும் தன் தவறையும் ஒரே லாவகத்தோடு எதிரில் நிற்பவர் தலையில் கட்டிவிடுவான். கடையில் வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் முழக்கோல். துணியை மேஜைமேல் உதறிய மாத்திரத்தில், கோலைத் தொடாமலே, "அஞ்சு மீட்டர்னு சீட்டு ஒட்டியிருக்கு, இது நாலே முக்கால்தான், மிச்சத்தை எவன் முழுங்கினான்?" என்பான். அளந்து பார்த்தால் நாலே முக்கால்தான் இருக்கும். அந்த ஒரே ஒரு வித்தையை வைத்துக்கொண்டு உலகம் மொத்தத்தையும் அவன் மாடியிலிருந்து பார்ப்பதுபோல் பார்த்துவந்தான். கண்ணளவு இல்லாதவர்கள் எல்லாரும் அவனுக்கு மடையர்கள். அதாவது, எல்லாரும்.

கேமராவும் ஒரு மடையனிடம் வாங்கியதுதான். பழைய சாமான் கடையில் தூசிக்குள் கிடந்தது; அருமை தெரியாமல் விற்கிறான் பார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டே எடுத்துவந்தான். செங்கல் கனம். சுருள் ஃபிலிம் போட்டால் மொத்தமே பன்னிரண்டு படம், ஒவ்வொன்றும் உள்ளங்கையை மறைக்கும் பெரிய சதுரம். லென்ஸ் வழியாகப் பார்த்து எடுக்கும் ரகம் அல்ல இது. நெற்றியில் இரண்டு சின்னக் கண்ணாடி ஜன்னல்கள்; இரண்டும் ஒரே பொருளைச் சற்று விலகி விலகி நின்று பார்க்கும். பின்னால் கண்ணை வைத்தால் காட்சியின் நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் எல்லாமே இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருகினால் இரண்டு உருவமும் நகர்ந்து, நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்து ஒன்றாகிவிடும். அப்போது வளையத்தில் எந்த எண் நிற்கிறதோ அதுதான் பொருளின் தூரம். கடைசியில், பத்து மீட்டரையும் தாண்டி, படுத்துக் கிடக்கும் ஒரு எட்டு பொறித்திருக்கும். எல்லையில்லாத தூரம் என்று அர்த்தம். மலை, நிலா, அந்த வகையறா.

தன்னைப்போலவே அளக்கத் தெரிந்த ஒரு ஜந்து. அவனுக்குப் பிடித்துப்போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், மழை வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சாம்பல் வெளிச்சத்தில், கூடத்தின் இந்தக் கோடியில் முக்காலியில் கேமராவை நிறுத்தி, அந்தக் கோடியில் நாற்காலி போட்டு, தகட்டு அளவு நாடாவை இழுத்துப் பிடித்து, நாற்காலியின் கைப்பிடியைச் சரியாக மூன்று மீட்டரில் வைத்தான். மனைவியை உட்காரச் சொன்னான். உட்கார்ந்தாள். மஞ்சள் கட்டத்தைக் கைப்பிடிமேல் வைத்தான், மூன்றில் பொருந்தியது. பின்னால் சுவரில் ஓடிய விரிசல்மேல் வைத்தான், நாலரையில் பொருந்தியது. அவள் முகத்தில் வைத்தான். இரண்டு மூக்கு. வளையத்தை மூன்றில் நிறுத்தினான். இரண்டு மூக்கு.

"ஏய், ஆடாம உக்காரு."

"ஆடலையே."

ஆடவில்லைதான். வளையத்தைத் திருகினான். நாலு, ஐந்து, பத்து. மூக்கை மூக்கு நெருங்கியதே தவிரத் தொடவில்லை. வளையம் கடைசித் தடையில் இடித்து நின்றபோது, படுத்துக் கிடக்கும் எட்டுக்கு நேராக, இரண்டு முகமும் சத்தமில்லாமல் ஒன்றானது.

நாடாப்படி மூன்று மீட்டரில் உட்கார்ந்திருந்தவளைக் கேமரா நிலாவுக்குப் பக்கத்தில் வைத்தது.

"எடுத்தாச்சா?" என்றாள் அவள்.

எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று மீட்டரில் ஆறு, எட்டுக்கு நேரே ஆறு, பன்னிரண்டு படமும் எடுத்தான். ஒருமுறைகூட அவள் கண் சிமிட்டியதாக அவனுக்கு நினைவில்லை. நல்ல மாடல் என்று மெச்சிக்கொண்டான்.

மெச்சிக்கொள்ள இன்னொரு காரணமும் இருந்தது. எட்டு நாளைக்கு முன்னால் அவளை அவன் நடுரோட்டில் இறக்கிவிட்டிருந்தான். அவள் தம்பி வீட்டுக்குப் போய்த் திரும்பும் வழி. "நான் சிரிச்சாக்கூட எத்தனை அங்குலம்னு அளக்கிற மனுஷன்" என்று தம்பியிடம் அவள் சொன்னது இவன் காதில் விழுந்து, வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டி, பொழுது சாய்ந்து இருபுறமும் வெற்று நிலமாக இருந்த ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

"இறங்கு."

"என்னங்க விளையாட்டு இது?"

"இறங்குன்னா இறங்கு."

இறங்கினாள். சால்வையும் போனும் பின் சீட்டிலேயே கிடந்தன. வண்டி நகர்ந்ததும் பின்விளக்கின் சிவப்பில் அவள் ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. வாய் திறந்து திறந்து மூடியது. ஜன்னல்கள் ஏற்றியிருந்ததால் சத்தம் வரவில்லை. அரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பலாம் என்பதுதான் கணக்கு. அரை வந்ததும் ஒன்று ஆகட்டும் என்று தோன்றியது. ஒன்று வந்ததும், நடந்து வரட்டும், கொழுப்பு கரையும் என்று தோன்றியது. வீடு நாற்பது கிலோமீட்டர். வந்து, சாப்பிட்டு, கதவைத் தாழிட்டு, நன்றாகவே தூங்கினான்.

விடிந்து, வாசல் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கூடத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்தபடி.

"யார் கொண்டுவந்து விட்டா?"

"வந்துட்டேங்க."

அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை, காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. கதவைத் தான்தான் உள்ளிருந்து தாழிட்டோம், சற்றுமுன் தான்தான் திறந்தோம் என்பது அவனுக்கு உறைக்காமல் இல்லை. ஆனால் பேரத்தில் ஜெயித்தவன் துருவிக் கேட்கமாட்டான். கேட்டால் சரக்கு கை மாறிப் போய்விடும். அன்றிலிருந்து எதற்கும் "சரிங்க"தான். சூடு பத்தாத சாப்பாட்டைத் தள்ளிவிட்டால் சரிங்க. விளக்கை அணைக்கச் சொன்னால் சரிங்க. ஒரே ஒரு ராத்திரி நடையில் இப்படித் திருந்துவாள் என்று தெரிந்திருந்தால் பத்து வருஷம் முன்னாலேயே இறக்கிவிட்டிருப்பேன் என்று கடையில் சொல்லிச் சிரித்தான். கேட்டவர்கள் சிரிக்கவில்லை. மடையர்கள்.

தம்பிக்காரன்தான் விடாமல் போன் செய்துகொண்டிருந்தான். "அக்காவைப் பேசச் சொல்லுங்க மாமா." கொடுத்தால் அவள் "நல்லா இருக்கேன்" என்பாள், வேறு எது கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்பாள். "குரல் என்னமோ மாதிரி இருக்கு மாமா. அடுத்த ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றேன்." வரட்டும். அவன் வருவதற்குள் அவளை நாற்காலியில் அம்சமாக உட்காரவைத்துப் பெரிய படமாக எடுத்து, சட்டம் போட்டு, வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டிவிட வேண்டும். உன் அக்கா தானாக நடந்து வந்தாள், தானாக உட்கார்ந்திருக்கிறாள், பார்த்துக்கொள் என்று. படத்தின் அவசியம் அதுதான்.

குளியலறையை இருட்டாக்கி ஃபிலிமைக் கழுவினான். புளித்த மருந்து நெடி. சுருளைக் கொடியில் மாட்டிக் காயவைத்து, மறுநாள் காலை, துணியில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கும் மடக்குக் கண்ணாடியை அதன்மேல் வைத்துக் குனிந்தான்.

மூன்று மீட்டரில் எடுத்த ஆறிலும் நாற்காலி துல்லியம். பிரம்புப் பின்னலை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவள்மேல் கிடந்த சால்வையின் இழையும் துல்லியம். சால்வைக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில், குளிரில் விட்ட மூச்சுபோல் ஒரு கலங்கல்.

எட்டுக்கு நேரே எடுத்த ஆறில் நாற்காலி கலங்கியிருந்தது. முகம் துல்லியம். நெகட்டிவில் கறுப்பு வெளுப்பாகும்: கூந்தல் வெள்ளை வெள்ளையாக ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளை ஓட்டை.

அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

எடுக்கும்போது வாயை மூடித்தான் உட்கார்ந்திருந்தாள். அவன் பார்த்தானே.

கேமரா பழுது பார்ப்பவரை ஊரில் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். மாடிப்படிக்கு அடியில் கடை. ஒரு விளக்கு, ஒரு மேஜை, வாய் நிறைய நக்கல்.

"மூடியக் கழட்டிட்டுத்தானே எடுத்தீங்க?" என்றார் எடுத்த எடுப்பில்.

"யாருக்குய்யா காது குத்தற?"

"கோவிச்சுக்காதீங்க முதலாளி. இந்த ரகத்துல உங்க கண்ணு ஒரு ஓட்டை வழியா பாக்கும், ஃபிலிம் வேற ஓட்டை வழியா பாக்கும். லென்ஸ்ல மூடி இருந்தாக்கூட உங்களுக்குப் பளிச்சுனு தெரியும். பெரிய பெரிய ஆளுங்களே ஏமாந்திருக்காங்க."

அவனும் முதல் சுருளில் ஏமாந்தவன்தான், பன்னிரண்டும் வெறுமை. ஃபிலிம் விற்றவனைப் போய்த் திட்டிவிட்டு வந்திருந்தான். அதைச் சொல்லவில்லை.

டாக்டர் கேமராவைச் சுவரில் பிடித்துப் பார்த்தார், எதிர்க்கடைப் பலகையில் பார்த்தார், தெருக்கோடி தண்ணீர்த் தொட்டியில் பார்த்தார். "சுத்தமா இருக்கு. ஒரு நூல் பிசகல."

"என் சம்சாரத்தை மட்டும் தூரத்துல காட்டுது."

"எல்லார் வீட்லயும் அப்படித்தான் முதலாளி."

அவன் சிரிக்காமல் நெகட்டிவை மேஜைமேல் போட்டான். டாக்டர் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வாயிலிருந்த நக்கல் எங்கோ போய்விட்டது.

"இந்தம்மா யாரைக் கூப்பிடறாங்க?"

"யாரையும் இல்ல. சும்மா உக்காந்திருந்தா."

"உக்காந்திருக்கிறவங்க முடி இப்படிப் பறக்காது."

"மின்விசிறி ஓடியிருக்கும்."

"சால்வை ஆடலையே." நெகட்டிவைக் கீழே வைத்து அவன் பக்கம் தள்ளினார். "பாருங்க முதலாளி, நமக்கும் ரெண்டு கண்ணுதான், இதுக்கும் ரெண்டுதான். ஆனா நம்ம கண்ணுக்கும் புத்திக்கும் நடுவுல ஒரு தரகன் உக்காந்திருக்கான், நமக்குப் பிடிச்ச மாதிரி சொல்லுவான். இதுக்குத் தரகன் கிடையாது. இருக்கிற இடத்தைச் சொல்லும்."

"எவ்வளவு ஆச்சு?"

"ஒண்ணும் வேணாம். எடுத்துட்டுப் போங்க."

கூலி வேண்டாம் என்கிற தொழிலாளியைக் கண்டால் எந்த வியாபாரிக்கும் சந்தேகம் தட்டும். அவனுக்கும் தட்டியது. பைத்தியக்காரன் என்று தெருவில் இறங்கும்போது சத்தமாகவே சொல்லிக்கொண்டான்.

வியாழக்கிழமை கடைக்குப் போகவில்லை. மறுபடி முக்காலி, மறுபடி நாடா. அவள் கூப்பிடுமுன்னே நாற்காலியில் இருந்தாள். முகத்தில் கட்டத்தை வைத்துத் திருகியபோது வளையம் தடைவரை போகவில்லை. பத்தில் பொருந்தியது.

பத்து மீட்டர். கூடத்துச் சுவருக்கும் சந்துக்கும் அப்பால், எதிர்வீட்டு இரும்பு கேட்.

ஜன்னலைத் திறந்து பார்த்தான். கேட் இருந்தது. கேட்டுக்கு முன்னால் வெயில் இருந்தது. சந்தில் எங்கோ யாரோ நடக்கும் ஓசை: ஒரு அடி அழுத்தமாக, அடுத்த அடி மெத்தென்று, மறுபடி அழுத்தமாக. ஒற்றைச் செருப்போடு நடப்பவர் நடை. ஆளைக் காணோம். எதிர்வீட்டு நாய் யாரையும் பார்த்துக் குரைக்காமல் வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு உள்ளே போயிற்று.

"எடுத்தாச்சா?" என்றாள் முதுகுக்குப் பின்னாலிருந்து.

அன்று கழுவிய ஃபிலிமில் முகம் முன்பைவிட மெலிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவள் கத்தவில்லை. கத்தி ஓய்ந்துபோன வாய் பாதி திறந்தபடி இருந்தது. கண்கள் நேராக லென்ஸைப் பார்த்தன. வழி கண்டுபிடித்துவிட்ட கண்கள்.

அப்போதாவது வண்டியை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டுக்குப் போயிருக்கலாம். போய்ப் பார்ப்பதென்றால், அங்கே பார்க்க ஏதோ இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து "சரிங்க" சொல்வது யார் என்ற கேள்வி அதற்குப் பின்னால் வரும். கேள்விக்குப் பக்கத்திலேயே போகாமல் இரண்டு நாள் கடையில் அத்தனை பேரையும் திட்டினான். ராத்திரி அவள் பக்கத்தில் படுக்கவில்லை. படுக்க வா என்று அவள் கூப்பிடவும் இல்லை. கூடத்தில் விளக்கில்லாமல், கையை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. தம்பிக்காரன் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தான். மதியம் மூன்று மணிக்குக் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் தாழிட்டான். ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் கண்ணாடி வழியே வெளிச்சம். ஒரே படம். நன்றாக விழுந்துவிட்டால் போதும், கேமராவைப் பழைய சாமான்காரன் மூஞ்சியிலேயே விட்டெறிந்துவிடலாம். கண்ணை வைத்தான்.

ஐந்து.

நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் சுவருக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி.

சுவரில் ஏதோ உரசியது. உள்ளங்கையால் தடவிக்கொண்டே வாசலைத் தேடுபவர்கள் உரசுவதுபோல. நின்றது. கூடத்துக்குள் ஒரு வாடை வந்தது: வெயிலில் உருகிய தார், புழுதி, நாள்கணக்கில் காய்ந்த வேர்வை. இரண்டு வாரமாக இந்த வீட்டில் மனுஷ வாடையே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

வளையத்தைத் திருகினான். கை வழுக்கியது. நாலரை. நாலு.

மூன்று.

பொருந்தியது. ஒரு மூக்கு. ஒரு வாய். கைப்பிடியும் முகமும் ஒரே எண்ணில். நாடா சொன்னதும் கேமரா சொன்னதும் ஒன்று. அவனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்து, சிரிப்புக்கூட வந்தது. வந்துவிட்டாள். எப்படியோ. அவளும் அவளும் ஒன்றாகிவிட்டாள். நான்தான் சொன்னேனே, நடந்து வருவாள் என்று! பொத்தானை அழுத்தினான். ஷட்டர் நாக்குத் தட்டுவதுபோல் மெல்லச் சொடுக்கியது.

அடுத்த படத்துக்கு ஃபிலிமைச் சுற்றிவிட்டு மறுபடி கண்ணை வைத்தான்.

இரண்டு மூக்கு.

அவள் நகரவில்லை. நாற்காலி நகரவில்லை. கைப்பிடியில் பார்த்தான்: மூன்று. முகத்தில் பார்த்தான். வளையத்தை இந்தப் பக்கம் திருக வேண்டியிருந்தது. இரண்டரை.

கேமராவுக்கு மேலாகத் தலையைத் தூக்கிப் பார்த்தான். நாற்காலி. நாற்காலியில் மனைவி. முழங்கால்மேல் கை. நடுவில் வெறும் தரை. தரையில் நாடா நீளமாகக் கிடந்தது.

நாடாவின் இரண்டு மீட்டர் குறிக்குப் பக்கத்தில் தகடு மெல்ல அழுந்தியது. யாரோ மிதித்ததுபோல.

குனிந்தான். கண்ணை வைத்தான். வெறும் கண்ணால் பார்ப்பதைவிட அது மேல் என்று தோன்றியது.

இரண்டு.

மெத்தென்று ஒரு அடி, மெத்தென்று இன்னொரு அடி. இரண்டு காலிலும் இப்போது செருப்பில்லை.

ஒன்றரை.

"இந்தா..." என்றான். யாரைக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக அவளுடைய பெயரைச் சொல்ல நினைத்தான். வாயில் வரவில்லை. "நான் திரும்பி வரத்தான் இருந்தேன். சத்தியமா. அரைக் கிலோமீட்டர்தான்..."

ஒன்று.

வளையம் இடித்து நின்றது. அதற்குக் கீழே எண் கிடையாது. மஞ்சள் கட்டத்துக்குள் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று விலகின. விலகிக்கொண்டே பெரிதாயின. பிறகு முகம் இல்லை. வெறும் கலங்கல். தார் வாடை.

கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், நாற்காலிக்காரி தெளிவாகத் தெரிந்தாள். முதல்முறையாகத் தலையைச் சாய்த்தாள்.

"வந்துட்டாளா?" என்றாள், "எடுத்தாச்சா" என்று கேட்கும் அதே குரலில்.

அவன் கண்ணை எடுக்கவில்லை. மூச்சை அடக்கினான். கூடத்தில் ஒரே ஒரு மூச்சு மட்டும் கேட்டது.

ஜன்னல் கண்ணாடி மங்கியது. கேமராவின் நெற்றியில் இருக்கும் அந்தச் சின்ன ஜன்னல். வெளிப்பக்கமாக. வெண்மையாக ஆவி படிந்து, நாற்காலி மறைந்து, சுவர் மறைந்து, வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

பிறகு, அதன்மேல் ஒரு கட்டைவிரல் வந்தது. நகம் பிய்ந்த விரல். நிதானமாக, ஓரத்திலிருந்து ஓரம்வரை, அந்த ஈரத்தைத் துடைத்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக.